தடப் பாத்தியமும் மென்சால் தீவும்

தமிழகத்துப் பழைய கிரையப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்', 'வண்டித்தடப் பாத்தியம்' என்னும் தொடர்கள் அடிக்கடி வரும். நிலம் ஒருவருடையது, அதன் வழியே செல்லும் உரிமை அடுத்த நிலத்துக்காரருடையது. 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டமும் இவ்வுரிமையை அண்டை நிலத்தோடு பிணைத்தே வரையறுக்கிறது. ஒரு நிலத்தின் அனுபோகத்துக்காகவே மற்றொரு நிலத்தின்மீது பாத்தியம் எழும். ஆமைக்காகவோ பறவைக்காகவோ எழாது. அமெரிக்காவில் நிலவுடைமையாளர் தாமே முன்வந்து, கட்டடம் எழுப்புதல் போன்ற உரிமைகளை ஓர் அறக்கட்டளைக்கோ அரசுக்கோ விட்டுக்கொடுத்து வாழிடத்தைக் காக்கும் 'கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்' முறை இங்கு வேரூன்றாமைக்கு இவ்வரையறையும் ஒரு காரணம்.

அதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு, 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துள் நுழைந்த 'சமூகக் காப்பகம்'. தனியாரோ சமூகமோ தாமாக முன்வந்தாலன்றி அது அமையாது. அமைந்தபின் நிலப் பயன்பாட்டை மாற்ற, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும்.

நிக்கோபாரில் இக்கருவி கையில் எடுக்கப்படவில்லை. 2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்தின் பொருட்டுப் பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாச் சரணாலயத்தை நீக்க ஒப்புதல் தரப்பட்டது. லெதர்பேக் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் விரிகுடா அது. மறு ஆண்டு, லிட்டில் நிக்கோபாரில் அவ்வாமைக்கும், மென்சால் தீவில் மெகபோட் பறவைக்கும், மெரோ தீவில் பவளப்பாறைக்குமாக மூன்று சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. மெகபோட் அடைகாக்காத பறவை. கடற்கரைக் காட்டில் மணலும் சருகும் குவித்து, மட்கும் சருகின் வெப்பத்திலேயே முட்டையைப் பொரிக்கவிடும். 2004 ஆழிப்பேரலை அக்குவியல்களைப் பெருமளவில் அழித்தது. ஆகவே காப்பின் தேவையில் ஐயமில்லை.

ஐயம் நிலம் யாருடையது என்பதில்தான். மென்சாலும் மெரோவும் குடியில்லாத் தீவுகள். ஆனால் உடையவரில்லாத் தீவுகள் அல்ல. தென்நிக்கோபாரியர் அவற்றை ஆவிகள் உறையும் இடமாகக் கருதி, அங்குச் செல்வதையும் கொள்வதையும் வழக்காற்றால் வரையறுத்து வந்தவர்கள். அவ்வழக்காறு எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியார் அங்கு நிலம் பெறுவதைக் கட்டுப்படுத்தியதேயன்றி, உள்ளாரின் உடைமையை எழுதிவைக்கவில்லை.

சரணாலயத்துக்கு உடையவர் முன்வர வேண்டியதில்லை. அரசின் அறிவிக்கை போதும். உரிமை கோருவோர் இரண்டு மாதத்துக்குள் வரவேண்டும் என்னும் அறிவிப்பை, வட்டார மொழியில், ஊர்தோறும் வெளியிடுமாறு 21ஆம் பிரிவு கூறுகிறது. (மொழியியல் பயில்வோர் நின்று படிக்க வேண்டிய பிரிவு.) கோரிக்கையோ மறுப்போ எதுவும் வரவில்லை என்றது நிர்வாகம். தங்களைக் கலந்தாலோசிக்கவே இல்லை என்றனர் பழங்குடி மன்றத்தார். துறைமுகத் திட்டத்துக்கென வனநிலத்தை விடுவிக்க 2022 ஆகஸ்டில் தாங்கள் அளித்திருந்த தடையின்மைச் சான்றை, அதே மன்றத்தார் அவ்வாண்டு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.