குணமானவர் எத்தனை பேர்? ஒரு கேள்வியின் வரலாறு

(நீண்ட பதிவு. உளவியல், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

போதை அடிமைத்தனத்திற்கான சிகிச்சை பற்றிப் பேச்செழும்போது இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடும். ‘பத்தில் ஒன்பது பேர் பழையபடி ஆகிவிடுவார்கள்’ என்பது ஒன்று. ‘எங்களிடம் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குணமடைந்தார்கள்’ என்பது மற்றொன்று. நேர் எதிரான இவ்விரண்டும் ஒரே மருத்துவமனையைப் பற்றி, ஒரே சமயத்தில், உண்மையாக இருக்க முடியும். யாரை எண்ணினோம், எப்போது எண்ணினோம், எதை வெற்றி என்று பெயரிட்டோம், யாரோடு ஒப்பிட்டோம் ஆகிய நான்கையும் பொறுத்தே விடை அமைகிறது. இந்த நான்கு கேள்விகளும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு தலைமுறையின் உழைப்பில் கண்டறியப்பட்டது.

அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்திற்குப் பின், அபினி, மார்ஃபின், ஹெராயின் ஆகியவற்றுக்கு அடிமையானோர் பெருந்தொகையினராகச் சிறைகளுக்குச் சென்றனர். அவர்களுக்கென்றே அந்நாட்டுக் கூட்டரசு 1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் அருகே, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. ‘போதைப் பண்ணை’ என்பதே மக்கள் வழக்கில் அதன் பெயர். தண்டனை பெற்றவர்களும் தாமாக வந்து சேர்ந்தவர்களும் அங்கே ஒருங்கே தங்கினர். வயலிலும் பால்பண்ணையிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். தூய காற்று, ஒழுங்கான வேலை, பழைய சேர்க்கையிலிருந்து விலகல் ஆகியவை மனிதரை மாற்றும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கை பலித்ததா என்று முதலில் பேரளவில் எண்ணிப் பார்த்தவர் அங்குப் பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் பெஸ்கார். 1936 முதல் 1940 வரை வெளியேறிய 4,766 ஆண்களைப் பற்றிய அவரது அறிக்கை 1943இல் வெளியாயிற்று. பழக்கமின்றி இருந்தோர் 13.5 விழுக்காடு, மீண்டும் பழகியோர் 39.9 விழுக்காடு, இறந்தோர் 7 விழுக்காடு, என்ன ஆனார்கள் என்றே தெரியாதோர் 39.6 விழுக்காடு.

இந்த நான்கு எண்களில் இறுதி எண்ணைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். வந்தவர் அனைவரையும் வகுக்கும் எண்ணாகக் கொண்டால் வெற்றி ஏழரைப் பேருக்கு ஒருவர். இறந்தோரையும் தகவல் அறியாதோரையும் நீக்கிவிட்டு எஞ்சியோரை மட்டும் வைத்து வகுத்தால் அது 25 விழுக்காட்டைத் தாண்டி, நால்வருக்கு ஒருவர் என்றாகிவிடும். மருத்துவமனையில் எதுவும் மாறவில்லை. ஒரு நோயாளியும் கூடுதலாக நலம் பெறவில்லை. கணக்கிலிருந்து சிலர் வெளியேற்றப்பட்டார்கள், அவ்வளவே. பெஸ்கார் அந்த 39.6 விழுக்காட்டைத் தம் அறிக்கையில் மறைக்காமல் வைத்தார். பின்னாளில் பல நிறுவனங்கள் காட்டிய உயர்ந்த எண்களுக்கு முன் அவரது அறிக்கை இன்றும் தலைநிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

அடுத்த கேள்வி காலம் பற்றியது. 1952க்கும் 1955க்கும் இடையில் லெக்சிங்டனிலிருந்து நியூயார்க் நகரத்திற்குத் திரும்பிய ஏறத்தாழ 1,900 பேரைத் தேடிச் சென்று ஹன்ட், ஓடரஃப் ஆகிய இருவரும் 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 90 விழுக்காட்டினர் மீண்டும் பழக்கத்திற்கு உள்ளாயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே. ‘பத்தில் ஒன்பது பேர்’ என்ற தொடருக்கு வலுவான சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டது இந்த ஆய்வு.

ஆனால் மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலியன்ட், 1952ஆம் ஆண்டையொட்டி அதே மருத்துவமனையில் சேர்ந்த நூறு நியூயார்க் ஆண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1973இல் அவர் தந்த கணக்கில், குறைந்தது 23 பேர் இறந்திருந்தனர். 35 முதல் 42 பேர் வரை நிலையாகப் பழக்கத்தை விட்டிருந்தனர். ஆறு மாதத்தில் அளந்தால் பேரழிவு. இருபது ஆண்டில் அளந்தால் மரணமும் மீட்சியும் அருகருகே நிற்கும் சிக்கலான காட்சி. மீண்டும் பழகுதல் பலருடைய வாழ்வில் நிகழ்ந்தது. அது அவர்கள் எல்லாருடைய வாழ்வின் முடிவாகவும் அமைந்துவிடவில்லை.

மூன்றாவது கேள்வி, வெற்றி என்பது எது. 1965இல் நியூயார்க்கின் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 22 நோயாளிகளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். ஹெராயினுக்கு மாற்றாக அவர்களுக்கு நாள்தோறும் மெத்தடோன் வழங்கப்பட்டது. அவர்கள் அபினிவகை மருந்தை விடவில்லை. ஆகவே பெஸ்காரின் அளவுகோலின்படி ஒருவர்கூட வெற்றியல்லர். ஆனால் அவர்கள் வேலைக்குச் சென்றனர், படிப்பைத் தொடர்ந்தனர், குடும்பத்தோடு சேர்ந்தனர். டோலும் நைஸ்வாண்டரும் எண்ணச் சொன்னது இவற்றை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இங்கே எனக்கு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. ‘குடியை விட்டுவிட்டார்’ என்று நாம் சொல்லும்போது ‘விடு’ இருமுறை வருகிறது. முதலாவது பொருள் தரும் வினை. இரண்டாவது, செயல் முற்றுப்பெற்றது என்று உணர்த்தும் துணைவினை. ‘மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்’ என்பதோ முடிவைச் சொல்லாத தொடர்நிலை. லெக்சிங்டன் முற்றுப்பெற்ற வினையில் கேள்வி கேட்டது: குணமாகிவிட்டாரா? மெத்தடோன் மருத்துவர்கள் தொடர்வினையில் கேட்டார்கள்: எப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறார்? ‘மீட்பு’, ‘ஒழிப்பு’ என்ற நம் சொற்கள் முதல் கேள்வியின் பக்கம் சாய்ந்தவை. ‘மறுவாழ்வு’ என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டாவது கேள்வியையும் தாங்கும் இடம் இருக்கிறது. 1980இல் தாமஸ் மெக்லெல்லனும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய அடிமைத்தனக் கடுமைக் குறியீடு அந்த இடத்தையே நிரப்பியது. உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், சட்டச் சிக்கல், குடும்பமும் சுற்றமும், மனநலம் என ஏழு துறைகளை அது தனித்தனியே அளக்கிறது. ஒருவர் ஒன்றில் தேறி மற்றொன்றில் தளரலாம், இரண்டும் பதிவாகும்.

நான்காவது கேள்வி ஒப்பீடு. இதனை உலுக்கி எழுப்பியவர் லீ ராபின்ஸ். வியட்நாமிலிருந்து 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை அவர் ஆய்ந்தபோது, அங்கே ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலியவற்றுக்கு அடிமையாகியிருந்தது தெரிந்தது. அவ்வாறு அடிமையாகியிருந்தோரில், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. அவர்களிலும் மிகச் சிலரே சிகிச்சை பெற்றவர்கள். சிகிச்சை தேவையற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. சிகிச்சையை நாடி வருவோர் அடிமையானோர் அனைவரின் மாதிரி ஆகார். பெரும்பாலும் இடர் மிகுந்தவர்கள். சூழல் மாறும்போது சிலர் சிகிச்சையின்றியே விடுபடுகிறார்கள். எனவே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மட்டும் அளந்தால் மாற்றத்துக்குக் காரணம் சிகிச்சைதானா என்று சொல்ல இயலாது.

இதே ஐயம் பேரளவிலான ஆய்வுகளையும் தொடர்ந்தது. 1969 முதல் 1973 வரை ஏறத்தாழ 44,000 பேரின் சேர்க்கையைப் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வுத் திட்டம் ஒன்று, மூன்று மாதங்களுக்கு மேல் சிகிச்சையில் நீடித்தவர்களே தெளிவான பயன் கண்டதாகக் காட்டியது. நீடித்ததால் தேறினார்களா, தேறக்கூடியவர்களாக இருந்ததால் நீடித்தார்களா? ஹாங்காங்கில் நியூமன், வைட்ஹில் இருவரும் நடத்தி 1979இல் லான்செட் இதழில் வெளியிட்ட சோதனை இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. ஹெராயினுக்கு அடிமையான நூறு பேர் முதலில் மெத்தடோனில் நிலைப்படுத்தப்பட்டனர். பின்னர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மருந்து தொடர்ந்தது. மறுபிரிவுக்கு அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு வெற்றுமருந்தாயிற்று. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 32 வாரங்களில் முதற்பிரிவில் 76 விழுக்காட்டினர் சிகிச்சையில் நீடித்தனர். மறுபிரிவில் 10 விழுக்காட்டினர். மூன்றாண்டுகளில் 56க்கு 2.

2000இல் மெக்லெல்லனும் மூன்று அறிஞர்களும் எழுதிய கட்டுரை, அளவீட்டிலிருந்த ஓர் அநீதியைச் சுட்டிக்காட்டியது. இரத்தக்கொதிப்பு நோயாளிக்கு மருந்து தரும்போது அழுத்தம் குறைந்து, நிறுத்தியதும் கூடினால், மருந்து வேலை செய்தது என்கிறோம். போதை நோயாளி சிகிச்சையின்போது நலமாக இருந்து, நிறுத்தியபின் தளர்ந்தால், சிகிச்சை தோற்றது என்கிறோம். ஒரே வகைச் சான்று, இரு தீர்ப்புகள்.

இது சொற்போர் அன்று. போதையை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அதே அளவை மீண்டும் எடுத்தால் அது உயிரைப் பறிக்கலாம். 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீட்டின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 11.3 இறப்புகள்; சிகிச்சையை விட்ட காலத்தில் 36.1. ‘மருந்தின்றி வெளியேறியவர்’ என்று ஒரு பட்டியலில் வெற்றியாகப் பதிவானவர், சில வாரங்களில் வேறொரு பதிவேட்டில் இறப்பாக இடம்பெறலாம். அவ்விரு பதிவேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காவிட்டால் வெற்றி மட்டுமே நம் கண்ணில் படும்.

இந்தியாவுக்கு வருவோம். சமூகநீதி அமைச்சகத்திற்காக எய்ம்ஸ் மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியது. உள்நோயாளியாக உதவி பெற்றோர் 180 பேருக்கு ஒருவர். இந்த இடைவெளியை நிரப்ப மையங்களும் படுக்கைகளும் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் படுக்கைகளையும் பயனாளிகளையும் எண்ணுவது சிகிச்சை எத்தனை பேரை எட்டியது என்பதற்கான கணக்கு. அது அவர்களை எங்கே கொண்டு சேர்த்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஒரு மையத்தின் வெற்றி விழுக்காட்டைக் காணும்போது, சேர்ந்தவர் அனைவரும் கணக்கில் உள்ளனரா, வெளியேறி எத்தனை மாதங்களுக்குப் பின் அளந்தனர், எதை வெற்றி என்றனர், யாரோடு ஒப்பிட்டனர் என்று கேளுங்கள். நேரம் ஒன்றுக்குத்தான் உண்டென்றால் முதல் கேள்வியைக் கேளுங்கள். 1943இல் பெஸ்கார் தனியே எழுதிவைத்த அந்த 39.6 விழுக்காட்டினரைத் தேடிச் செல்லும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

களத்தில் பணியாற்றும் நண்பர்கள், உங்கள் நிறுவனங்களில் வெளியேறியவர்களை எவ்வளவு காலம், எவ்வாறு தொடர்கிறீர்கள் என்று எழுதினால் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும்.