தெருவுக்கு ஒரு பெட்டி

டெல்லியில் 1959-லேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கிவிட்ட டெலிவிஷன், சென்னைக்கு வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; ஆயினும் வந்தபின் ஜனங்களின் மாலைப்பொழுதைக் கைப்பற்றிக்கொள்ள அதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. இந்தச் சாதனத்தால் நேர்ந்த மாறுதல்களைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சானல்கள் பெருகிய பிற்காலத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதற்கு முந்திய காலமே அதிக விசேஷமானது. ஏனெனில் அப்போது டெலிவிஷன் ஒரு வீட்டின் உடைமையாக இருந்தும், தெருவின் பொதுச் சொத்தாகவே பழகி வந்தது.

இழுத்து மூடும் மரக்கதவும் பூட்டும் கொண்ட டயனோரா, சாலிடேர் பெட்டிகள் கூடத்து மூலையில் வீற்றிருக்கும். தபால் ஆபீஸில் பணம் கட்டி அவற்றுக்கு லைசென்ஸ் வாங்கவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்குள் விளக்கேற்றி, அடுப்பு வேலையையும் முடித்துவிடவேண்டும் என்று பெண்கள் பரபரத்ததும், மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கீழேயிருந்து பலர் ஏககாலத்தில் கூவியதும், ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்தபோது கூடமே பெருமூச்சு விட்டதும் அக்காலத்துச் சம்பிரதாயங்கள். சென்னையின் அலைகள் எட்டாத தென் கரையோர ஊர்களிலோ, நெடிய கம்பங்கள் நட்டு, 1982-ல் பிறந்த இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். 1987-ல் ராமாயணமும் அடுத்த ஆண்டில் மகாபாரதமும் ஹிந்தியில் வந்தபோது, பாஷை புரியாதவர்களும் கதை தெரிந்த தைரியத்தில் உட்கார்ந்து ரசித்தார்கள்.

எல்லாக் கூடங்களும் எல்லோருக்கும் திறந்திருந்தன என்று சொன்னால் அது சத்தியமாகாது. உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றே படம் முழுவதையும் பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். பஞ்சாயத்துக்கள் ஊர்ப்பொதுவில் சிறு அறை கட்டி ஒரு பெட்டியை வைத்ததை நான் பெரிய காரியமாகக் கருதுவது இதனால்தான். யாருடைய தயவையும் நாடாமல், எந்த வீட்டு வாசலிலும் தயங்கி நிற்காமல், மண்தரையில் அமர்ந்து 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சி முதல் செய்திகள் வரை பார்க்கும் உரிமையை அது ஏழைக் குடியானவனுக்கு அளித்தது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. தொடங்கி, கேபிள் கம்பி தெருத்தெருவாக ஓடியதும், 2006-ல் அரசாங்கம் இலவச வண்ணப் பெட்டிகளை வழங்கத் தலைப்பட்டதும், அந்தக் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் சொந்தப் பெட்டி கிடைத்தது நியாயமே. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால், தங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. அறையைத் திறந்து மூடியவர் யார், முன்வரிசையில் அமர்ந்தவர் யார், ஒதுங்கி நிற்க நேர்ந்தவர் யார் என்பதையெல்லாம் விவரம் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.