அமைதியான பிள்ளைகள்: போர்க்கால இங்கிலாந்திற் சிறுவர் பராமரிப்பு

1939 செப்தெம்பரின் முதல் மூன்று நாட்களிற் பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிப் பிள்ளைகள். குண்டுவீச்சிலிருந்து உயிரைக் காத்தலே அரசின் நோக்கமாயிருந்தது. தாயைப் பிரியும் பிள்ளையின் உள்ளம் யாதாகும் என்ற வினாவை எழுப்பியோர் சிலரே. ஜோன் போல்பி, வின்னிக்கொற், மில்லர் ஆகிய மூவரும் அவ்வாண்டு திசெம்பரிற் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரித்தலின் கேட்டினைச் சுட்டிக்காட்டினர்.

இவ்வினாவுக்கு நடைமுறையில் விடை தேடிய இடம் இலண்டன் ஹம்ஸ்ரெட் பகுதியில் அன்னா புறொயிட், டொறதி பேளிங்கம் ஆகியோர் 1941 இல் நிறுவிய போர்க்காலக் குழந்தைகள் இல்லமாகும். தாயர் எந்நேரமும் வந்து தம் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பது அங்கு விதி. 1942 இல் இல்லத்துப் பிள்ளைகள் சிறுசிறு ‘குடும்பங்களாக’ வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு பணியாளரின் பொறுப்பில் விடப்பட்டது. உடனடி விளைவு அமைதியன்று. பொறாமையும் அழுகையும் பூசலுமே. மேற்பார்வையாளர் வேறெவராயினும் திட்டம் தோற்றதென்று கைவிட்டிருப்பர். அன்னா புறொயிட்டோ பிள்ளைகளிடம் பற்று மீண்டும் துளிர்த்ததன் அடையாளமாகவே அதனைக் கொண்டார்.

அவ்வில்லத்திற் கொதிகலனைக் கவனிக்க அமர்த்தப்பட்டவர் ஜேம்ஸ் றொபேட்சன். பிள்ளைகளைப் பற்றித் தாம் கண்டவற்றைக் குறித்துவைத்தல் அங்கு எல்லாப் பணியாளர்க்கும் உரிய கடமையாயிருந்தமையால், அவரும் எழுதினார். பின்னர் போல்பியுடன் இணைந்து வைத்தியசாலைகளை ஆராய்ந்த அவர், அழுது ஓய்ந்த குழந்தையைத் தாதியர் ‘பழகிவிட்டது’ என எண்ணுவதையும், உண்மையில் அது நம்பிக்கையிழந்து அடங்கியிருப்பதையும் கண்டார். எட்டு நாள் வைத்தியசாலையிலிருந்த, இரண்டரை வயது நிரம்பாத சிறுமியொருத்தியைப் பற்றி 1952 இல் அவர் வெளியிட்ட திரைப்படம் மருத்துவர் பலரின் சினத்துக்கு இலக்காயிற்று. பெற்றோர் தடையின்றிப் பிள்ளைகளைப் பார்க்க இடமளிக்க வேண்டுமெனப் பிளாற் குழு பரிந்துரைத்தது 1959 இலேயே.

எனினும் தாய்ப்பிரிவொன்றே அனைத்தையும் விளக்கிவிடும் எனக் கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் போல்பி எழுதிய அறிக்கை அவ்வாறு கொள்ளவே பலரைத் தூண்டிற்று. மைக்கேல் றட்டர் 1972 இல் அதனை மீளாய்வு செய்தார். ஆனால், போல்பியின் அறிக்கை வெளிவந்த அதே 1951 இல் அன்னா புறொயிட்டும் சோஃபி டானும் வெளியிட்ட ஆய்வு முன்னரே வேறொரு பக்கத்தைக் காட்டியிருந்தது. ரெறேசின் வதைமுகாமிலிருந்து 1945 இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட, மூன்று வயதளவினரான ஆறு யூத அநாதைக் குழந்தைகளைப் பற்றியது அது. சசெக்ஸிலிருந்த புல்டோக்ஸ் பாங்க் இல்லத்துக்கு வந்த புதிதில் அவர்கள் விளையாட்டுப் பொருள்களை உடைத்தனர். வளர்ந்தோரைக் கடித்தனர், அடித்தனர். ஆயின் ஒருவரையொருவர் கணமும் பிரிய மறுத்தனர். ஒருவருக்குத் தின்பண்டம் கிடைத்தால், மற்றவருக்கும் கிடைத்ததா என்பதே அவர்களின் கவலை. தாயின் முகத்தையே அறியாத அவர்களுக்கு மற்றைய ஐவரே குடும்பம். பணியாளர் அவர்களைப் பிரிக்க முயலவில்லை. ஓராண்டுக்குள் அவர்கள் ஆங்கிலம் பேசக் கற்றனர், பணியாளரிடமும் மெல்லப் பற்று வைக்கலாயினர்.