ஓக் பார்க் உயர்நிலைப்பள்ளி: ஊருக்கெல்லாம் ஒரே பள்ளி

விழா மலர் என்றால் அதில் ஒரு பள்ளியின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். கட்டடம் எழுந்த கதை, தலைமையாசிரியர்களின் வரிசை, தேர்ச்சி விழுக்காடு, வென்று வந்த கேடயங்கள் என்று அது செல்லும். அந்த நல்ல வழக்கத்தை நாமும் விட்டுவிடவில்லை. ஆனால் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பள்ளி நம் ஊரில் இல்லை. அமெரிக்காவில் சிகாகோ மாநகரின் மேற்கு எல்லையை ஒட்டிய ஓக் பார்க் என்னும் புறநகரில் அது இருக்கிறது.

இவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் குடியேறி, தம் மக்களை இத்தகைய பள்ளிகளுக்கே அனுப்புகின்றனர். பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நமக்கும் நல்லதுதானே? அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஊரார் அனைவருக்கும் பொதுவாக ஒரு பள்ளியை நடத்துவது எத்துணை அரிய செயல் என்பதை இப்பள்ளியின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

பொதுப்பள்ளி என்றால் என்ன?

நம் நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றவுடன் பெருந்தொகை கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் அதன் பொருள் நேர்மாறானது. ஊராரின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியே அங்கே பொதுப்பள்ளி. அதில் சேர நுழைவுத்தேர்வு இல்லை. கல்விக் கட்டணமும் இல்லை. அவ்வூர் எல்லைக்குள் குடியிருந்தால் போதும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள் கொண்டதே அவர்களுடைய உயர்நிலைப்பள்ளி.

ஓக் பார்க், அதன் பக்கத்து ஊரான ரிவர் ஃபாரஸ்ட் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரே பொது உயர்நிலைப்பள்ளிதான். இதற்கென்றே தனிக் கல்வி மாவட்டம் ஒன்று உண்டு. அம்மாவட்டத்தில் வேறு பள்ளி கிடையாது. ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட குழு ஊதியம் பெறாமல் இதனை நிர்வகிக்கிறது. செலவின் பெரும்பகுதி வீடுகள், கடைகள், மனைகள் மீதான சொத்து வரியிலிருந்தே வருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு பெருந்தீமையும் உண்டு. தம் பணம் என்பதால் ஊரார் பள்ளியின் மீது கண்ணாக இருக்கின்றனர், இது நன்மை. ஆனால் வீடு எங்கே இருக்கிறதோ, அதைப் பொறுத்தே பிள்ளைக்குப் பள்ளி அமைகிறது. நல்ல ஊரில் ஒருவருக்கு வீடு மறுக்கப்பட்டால், அவருடைய பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் மறுக்கப்பட்டதாகிவிடும். இப்பள்ளியின் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

தொடக்க காலம்

1848-இல் சிகாகோவிலிருந்து மேற்கே இரயில் பாதை போடப்பட்டது. 1871-இல் சிகாகோ நகரைப் பெருந்தீ அழித்தபோது, வீடிழந்தோரும் அமைதியை நாடியோரும் அந்தப் பாதையோரம் வந்து குடியேறினர். அந்த 1870-களிலேயே இப்பள்ளியும் தொடங்கியது. இன்றைய கட்டடத்தின் மூலப் பகுதி 1907-இல் திறக்கப்பட்டது. பின்னர் பலமுறை விரிவாக்கப்பட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பெரும் நிலையமாக அது வளர்ந்தது.

இதழும் ஆடுகளமும்

வகுப்பறைக்கு வெளியே நடப்பதும் கல்வியே என்ற எண்ணம் இப்பள்ளியில் வெகுகாலமாக வேரூன்றியுள்ளது. 1910 முதல் 1912 வரை ராபர்ட் சப்கி என்பவர் இங்கே காற்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். இது நாம் ஆடும் காற்பந்து அன்று. கையால் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. இங்கிருந்து அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பெரும்புகழ் பெற்றார்.

ஆடுகளத்தைவிடப் பள்ளியின் இதழ்கள் பெரிய பேறு பெற்றன. 'டிராபீஸ்' என்பது மாணவர் செய்தித்தாள். 'டபூலா' என்பது மாணவர் மலர். இதழியல் வகுப்பை நடத்திய ஃபேனி பிக்ஸ் என்னும் ஆசிரியை, வகுப்பறையையே ஒரு செய்தித்தாள் அலுவலகம்போல் நடத்தினார். மாணவர்கள் செய்தி சேகரித்து எழுத வேண்டும். நன்றாக எழுதுவோரின் ஆக்கங்கள் 'டிராபீஸ்' இதழுக்குப் போகும். அவ்வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு மருத்துவரின் மகன், 1916 சனவரியில் சிகாகோ இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றித் தன் முதல் கட்டுரையை வெளியிட்டான். 'டபூலா'வில் சிறுகதைகளும் எழுதினான். பள்ளி இசைக்குழுவில் செல்லோ வாசித்தான், காற்பந்தும் ஆடினான். 1917-இல் படிப்பை முடித்ததும் கல்லூரிக்குச் செல்லாமல் நேரே ஒரு நாளிதழில் செய்தியாளனாகச் சேர்ந்தான்.

அவர்தாம் 1954-இல் நோபல் பரிசு பெற்ற எர்னஸ்ட் ஹெமிங்வே. 'கடலும் கிழவனும்' என்று தமிழில் நாம் அறிந்த நாவலின் ஆசிரியர். அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எழுத்துக்கு அவர் பெற்ற முறையான பயிற்சி இந்தப் பொதுப்பள்ளி தந்ததே. கையெழுத்து இதழ் நடத்தும் நம் இளைஞர்கள் இதனை மனத்தில் வைக்க வேண்டும்.

அதே ஆண்டில் பிறந்த இன்னொருவர்

ஹெமிங்வே பிறந்தது 1899-இல். அதே ஆண்டில் தெற்கே அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் பெர்சி ஜூலியன் என்னும் கறுப்பினச் சிறுவன் பிறந்தான். அவனுடைய பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொது உயர்நிலைப்பள்ளி அன்று இல்லை. ஓக் பார்க்கில் ஹெமிங்வே இதழ் நடத்திக்கொண்டிருந்த அதே 1916-இல், ஜூலியன் இந்தியானாவில் உள்ள டீபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உயர்நிலைப்பள்ளிப் பாடங்களையும் கல்லூரிப் பாடங்களோடு சேர்த்தே அவர் அங்கே படிக்க வேண்டியிருந்தது. எனினும் 1920-இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். 1931-இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றார். கண் அழுத்த நோய்க்குப் பயன்படும் பைசோஸ்டிக்மினை 1935-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களை மலிவாகத் தயாரிக்கவும் வழிகண்டார்.

இத்தகைய அறிஞர் 1950-இல் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். ஊர் அவரை எவ்வாறு வரவேற்றது? அவர் குடிபுகும் முன்னரே, அந்த நவம்பரில், வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951 சூனில் டைனமைட் வெடியை எறிந்தனர். அப்போது அவருடைய பிள்ளைகள் வீட்டினுள் இருந்தனர். ஜூலியன் குடும்பம் அஞ்சி ஓடவில்லை. அவருக்குத் துணைநிற்க அண்டை வீட்டாரும் திரண்டனர். பின்னாளில் அவ்வூர் நடுநிலைப்பள்ளி ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஊர் எடுத்த முடிவு

1960-களில் ஓக் பார்க்குக்குக் கிழக்கே சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் கறுப்பின மக்கள் குடியேறத் தொடங்கினர். இடைத்தரகர்கள் அச்சத்தைக் கிளப்பிவிட, வெள்ளையர்கள் வீடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினர். அடுத்தது ஓக் பார்க்தான் என்று பலரும் எண்ணினர். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட அடுத்த மாதமே, 1968 மே மாதத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்யும் விதியை ஓக் பார்க் ஊராட்சி நிறைவேற்றியது. 1972-இல் வீட்டு வசதி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. வீடு தேடி வருவோரை எல்லாத் தெருக்களிலும் கலந்து குடியேற ஊக்குவிப்பதே அதன் பணி.

வீட்டின் கதவு திறந்தபோது பள்ளியின் கதவும் திறந்தது. முன்பு ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் பயின்ற பள்ளியில் பல இனப் பிள்ளைகளும் வந்து அமர்ந்தனர்.

ஒரே வாசல், வெவ்வேறு வகுப்புகள்

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை. மதிப்பெண் பார்த்து 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று நம் பள்ளிகளில் பிரிப்பதுபோல, அங்கும் உயர்தரப் பிரிவு, சாதாரணப் பிரிவு என்று உண்டு. உயர்தரப் பிரிவில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளே இருந்தனர். கறுப்பினப் பிள்ளைகள் பலர் மற்றப் பிரிவில் தங்கிப்போயினர். ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து சென்றனர்.

2015-16 கல்வியாண்டு முழுவதும் இப்பள்ளியினுள் படமெடுக்க நிர்வாகக் குழு அனுமதி தந்தது. ஓக் பார்க்வாசியும், தம் பிள்ளைகளை இப்பள்ளியில் படிக்கவைத்தவருமான ஸ்டீவ் ஜேம்ஸ் எடுத்த அந்த ஆவணப்படம் 'அமெரிக்கா டு மி' என்ற பெயரில் 2018-இல் பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பானது. பள்ளியின் குறைகள் நாடறிய வெளிப்பட்டன. இப்படி ஒரு படத்துக்கு இடம் கொடுக்க எத்தனை பள்ளிகள் துணியும்?

குறையோடு நிறைவையும் அப்படம் காட்டியது. இப்பள்ளியில் 1999 முதல் மேடைக் கவிதை மன்றம் ஒன்று நடந்து வருகிறது. மாணவர்கள் தம் வீட்டையும் தெருவையும் துயரத்தையும் தாமே கவிதையாக்கி, மனனம் செய்து, மேடையேறிச் சொல்கின்றனர். நம் கவியரங்கம்போன்றதே இது. தேர்வுத்தாளில் பின்தங்கிய பிள்ளைகளும் இங்கே முன்னுக்கு வந்து நிற்பதைக் காண்கிறோம்.

இறுதியில் 2021-இல் நிர்வாகக் குழு துணிந்து ஒரு முடிவெடுத்தது. அதன்படி 2022 முதல் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம், வரலாறு, அறிவியல், பிறமொழி ஆகிய பாடங்களில் பிரிவுகள் நீக்கப்பட்டன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்வர்; கூடுதலாக உழைப்போர் உயர்தரச் சான்று பெறலாம். இதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்தங்குவர் என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். அவர்கள் அச்சத்தையும் நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. தம் பிள்ளை முந்த வேண்டும் என்ற ஆசை எல்லாப் பெற்றோர்க்கும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் முந்த வேண்டும் என்று ஊர் எண்ணும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நமக்கு ஒரு சொல்

நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த இப்பள்ளியின் வரலாற்றைப் படித்து முடித்தபோது, நம் தெருக்களே நம் கண்முன் வந்தன. வாடகைக்கு வீடு கேட்டு வருவோரிடம், 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்று நாம் கேட்பதில்லையா? நம் பள்ளியில் கடைசிப் பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர் என்று நாம் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஓக் பார்க் மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வெடி எறிந்தவர்களும் அண்டையில் துணைநின்றவர்களும் அங்கே உண்டு. ஆனால் அவ்வூர் தன் தவற்றைக் கண்டு திருத்திக்கொள்ள மூன்று முறை முயன்றிருக்கிறது: முதலில் வீட்டு வாசலில், பிறகு பள்ளி வாசலில், இப்போது வகுப்பறை வாசலில். அடுத்த வாசல் எதுவோ அறியோம். விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் ஊரில் இன்னும் எந்த வாசல் மூடிக் கிடக்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசுமானால், இக்கட்டுரையை எழுதியதன் பயனை நாம் பெற்றவர்களாவோம்.