வட்டிலில் உறைந்த வரலாறு

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். புலவர்களின் வரலாற்றை ஏடுகள் சொல்லும். கடல் கடந்து வாணிகம் செய்தும், கூலி வேலைக்குச் சென்றும் பிழைத்த எளிய குடும்பங்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்தம் அடுக்களைகளிலும் தேடலாம் என்பது நமது கருத்து. பெருநாளிலும் திருமணத்திலும் நம் இல்லங்களில் செய்யப்பெறும் இனிப்புப் பண்டங்கள் அத்தகைய சான்றுகளுள் சிறந்தவை.

தென்காசியையும் குற்றாலத்தையும் எடுத்துக்கொள்வோம். கடலோரத்தை விட்டு விலகி, மலையடிவாரத்தில் அமைந்த ஊர்கள் இவை. எனினும் கடலுக்கு அப்பாலுள்ள மலாய் நாட்டின் சாயல் இங்கே படிந்திருக்கிறது. சாரல் காலத்தில் குற்றாலக் கடைவீதியில் விற்கப்படும் பழங்களின் பெயர்களைப் பாருங்கள்: மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன். மூன்றும் மலாய்ச் சொற்கள். ‘ரம்புத்’ என்றால் மயிர். ‘துரி’ என்றால் முள். பழத்தின் தோலைக் கண்டவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் குற்றாலத்தில் தோட்டம் அமைத்துச் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டனர். அவையும் கீழைத் தீவுகளுக்கு உரியவையே.

பழங்கள் வந்த திசை நோக்கி இங்கிருந்து மனிதர்கள் சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூர் சென்று, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். கடையநல்லூரார் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றது குறிப்பிடத்தக்கது. பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணை நின்றனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. பெண்கள் உடன் சென்றதால் ஊரின் கைப்பக்குவமும் உடன் சென்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, வட்டலப்பத்துக்கு வருவோம். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம் என்பதே பெயரின் பொருள் என்பர். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, ஏலக்காய் ஆகியவையே இதற்கு வேண்டுவன. இலங்கை முஸ்லிம்கள் கருப்பட்டிக்குப் பதிலாகக் கித்துள் வெல்லம் சேர்ப்பர். டச்சுக்காரர் காலத்தில் இலங்கைக்கு வந்த மலாய் மக்களோடு இப்பண்டத்தை இணைத்துக் கூறுவாரும் உளர். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த ‘ஸ்ரீகாயா’ மலாய் மக்களிடம் இன்றும் உண்டு. கீழக்கரைத் தொதலுக்கு மலாய் மொழியில் ‘டோடோல்’ என்றே பெயர். அல்வாவோ அரபுச் சொல். ஆகவே நமது மரபு என்பது கலப்பற்ற தனிமையன்று; பல துறைமுகங்களைக் கண்டு வந்து, நம் பனையோடும் தென்னையோடும் உறவு கொண்ட ஒன்று.

இவ்வுண்மை நமக்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் ‘அல்ஃபஹோர்’ என்றோர் இனிப்பு உண்டு. இரண்டு மெல்லிய மாவு வில்லைகளுக்கு இடையே சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பாலை வைத்துச் செய்வர். அப்பெயர் அந்தலூசிய அரபியிலிருந்து பிறந்தது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. 1535இல் ஸ்பானியர் லிமா நகரை அமைத்தனர். முஸ்லிம்களின் ஆட்சி மறைந்த பின்னரும், அவர்கள் இட்ட பெயர் வென்றவர்களின் கப்பலிலேயே ஏறிக் கடல் கடந்தது!

பெயர் மட்டும் தப்பினால் போதுமா? முர்சியா நகரில் பிறந்த இப்னு ரஸீன் அத்துஜீபீ 13ஆம் நூற்றாண்டில் தாயகத்தை விட்டகன்று, தூனிஸில் வாழ்ந்து, அந்தலூசிய, மக்ரிப் நாட்டு உணவுகளைச் செய்யும் முறைகளை ஒரு நூலாகத் தொகுத்தார்.  இழந்த நாட்டின் சமையல் இன்றும் அறியப்படுவதற்கு அந்நூல் ஒரு காரணம்.

நம்மிடையே நிகழ்ந்தது என்ன? உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரால் அச்சேறியது. செல்லுக்கு இரையாகாமல் தப்பியது. அடுக்களைக் கலைக்கு அத்தகைய பதிப்பாசிரியர் வாய்த்தது அரிது. மூதாட்டியரின் கண்ணளவும் கையளவுமே அதன் ஏடுகள். கருப்பட்டியைக் கரைத்து மண்போக வடிகட்ட வேண்டும்; தேங்காயின் முதற்பாலையே சேர்க்க வேண்டும்; ஆவிநீர் சொட்டாதிருக்க வட்டிலின்மேல் துணி கட்ட வேண்டும்; தீ மிகுந்தால் முட்டை இறுகி நீர் பிரியும். இவை உடன் நின்று பார்த்தவர் அறியும் நுட்பங்கள். இன்று பெருநாள் இனிப்பும் கடையிலிருந்து வருகிறது. உடன் நின்று பார்க்கும் வாய்ப்பே குறைகிறது. ஒரு மூதாட்டியின் மறைவோடு ஒரு குடும்பத்தின் நூலகமே மூடப்படுகிறது.

எனவே நம் சகோதரிகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இல்லத்து மூத்தவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். அளவை மட்டும் குறித்தால் போதாது. பண்டத்துக்கு வீட்டில் வழங்கும் பெயர், செய்யும் நாள், கற்றுக்கொடுத்தவர், அவர் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பனவற்றையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். பின்னொரு நாள் நம் குடும்பங்கள் சென்று வந்த வழிகளை ஆராய்பவனுக்கு அக்குறிப்பேடு ஒரு செப்பேட்டுக்குக் குறைந்ததாக இராது.