ஒளியின் பிரதட்சணமும் பஞ்சரத்தினமும்

எங்கள் கார்வேட்டிநகரம் வேணுகோபால சுவாமி கோயிலைப் பிரதட்சணம் வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். இடம் மாறவில்லை, ஆனா சுத்தி வந்ததுக்கு ஒரு கணக்கு உண்டுன்னு பெரியவங்க சொல்வாங்க. ஒளிக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. அதைக் கண்டு சொன்னவர், நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் பிறந்த ஒரு தமிழர்.

எஸ். பஞ்சரத்தினம் 1934-இல் கல்கத்தாவில் பிறந்தவர். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரில், ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், மாமாவிடமே ஆராய்ச்சி மாணவரானார். அவர் கையிலெடுத்தவை படிகங்கள். அவற்றில் ஒன்று ஐயோலைட் என்னும் கல். ஒரு பக்கம் பார்த்தா நீலம், திருப்பிப் பார்த்தா வெளிர் மஞ்சள்.

சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். அதை ஒரே தளத்தில் அடக்கினால் தளவிளைவுற்ற ஒளி. படிகத்துக்குள் நுழைந்ததும் அது இரண்டு பகுதியாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் செல்லும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வெளியே வருவதால், நேர்கோட்டு அதிர்வு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மாறிவிடும். இந்த நிலைகள் அத்தனையையும் ஓர் உருண்டையின் மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் புவான்காரே 1892-லேயே காட்டியிருந்தார்.

பஞ்சரத்தினம் கேட்ட கேள்வி எளியது. ஒளியை முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கும், பிறகு மூன்றாவதுக்கும் மாற்றி, மறுபடி முதல் நிலைக்கே கொண்டுவந்தா என்ன ஆகும்? நிலை பழையதேதான். ஆனால் அலையின் கட்டம் தள்ளிப்போயிருக்கும். எவ்வளவு? உருண்டையின் ஆரத்தை ஒன்று என்று கொண்டால், அந்த மூன்று புள்ளிகள் அடைக்கும் பரப்பில் சரிபாதி. எதிர்த்திசையில் சுற்றினால் குறி மாறும். 1956-இல், 22 வயதில், இதை இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுதினார்.

உலகம் கவனிக்கவில்லை. 1964-இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர், 1969-இல் 35 வயதிலேயே அங்கு காலமானார்.

1984-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இதே போன்றதொரு கட்டத்தைக் கண்டார், அது புகழ்பெற்றது. 1986-இல் பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், முப்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள். பெர்ரி தயங்கவில்லை, 1987-இல் தாமே கட்டுரை எழுதி, பஞ்சரத்தினத்துக்குரிய இடத்தை ஒப்புக்கொண்டார். இன்று அதன் பெயர் பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம். மெல்லிய தட்டை வில்லைகள் செய்யவும் இந்தக் கணக்கு பயன்படுகிறது.

நம்ம ஊர் இதழில் வந்ததால் அது சின்ன விஷயமாகிவிடவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல்தான் முப்பது வருஷம் கிடந்தது. தம்பி இல்லாத காலத்தில் அண்ணன் சொன்னார். ராமன் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பக்கத்திலேயே இந்தப் பெயரையும் சொல்லி வைப்போமே.