நாற்சந்தி விளக்குகளை ஆள்வோர்

இலண்டன் மாநகரிலே, பாராளுமன்றக் கட்டடத்துக்கு அண்மையில், 1868ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஒரு புதுமையான தூண் நாட்டப்பட்டது. புகையிரதப் பாதையிற் காணப்படுவன போன்ற கைகாட்டிகள் அதன் உச்சியில் அமைந்திருந்தன. கை கிடையாக நீண்டிருந்தால் வண்டிகள் நிற்க வேண்டும். சரிந்திருந்தால் விழிப்போடு செல்லலாம். இரவு வேளையில் சிவப்பும் பச்சையுமான வாயு விளக்குகள் அதே பணியைச் செய்தன. இதனை வகுத்த ஜே. பி. நைட் என்பவர் புகையிரதப் பொறியியலாளர். தாம் பழகிய தொழிலின் நிறங்களையே அவர் வீதிக்குக் கொணர்ந்தார். மோட்டார் வண்டி அந்நாளில் ஏது? குதிரை வண்டிகளின் நெரிசலே இத்தகைய ஏற்பாட்டை வேண்டி நின்றது. தூணின் அடியில் நின்று அதனை இயக்கியவர் ஒரு பொலிஸ்காரர். தூண் நாட்டி ஒரு மாதம் நிறையுமுன், 1869 சனவரியில், கசிந்த வாயு வெடித்து அவர் படுகாயமுற்றார். இலண்டன் பிக்கடில்லியில் மின்சார விளக்குகள் ஒளிர்ந்ததோ 1926இல்தான்.

இதற்கிடையில் இம்முயற்சி அமெரிக்காவிலே வளர்ந்தது. 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கிளீவ்லாந்து நகரில் மின்சாரச் சைகை விளக்குகள் அமைக்கப்பட்டன. வீதியோரச் சிறு கூண்டொன்றில் அமர்ந்திருந்தவர் ஆளியைத் திருப்பி நிறத்தை மாற்றினார். 1917இல் சோல்ற் லேக் நகரில் ஆறு சந்திகளின் விளக்குகள் ஒரே ஆளியின் கீழ் இணைக்கப்பட்டன. ஒருவர் தம் கண்ணுக்கு எட்டாத சந்திகளையும் ஆளத் தொடங்கியது இங்ஙனமே. மஞ்சள் விளக்கை இடையிற் சேர்த்து மூவண்ண முறையை நான்கு திசைக்கும் அமைத்தவர், 1920இல், டெற்றோயிற் நகரின் பொலிஸ் அதிகாரி வில்லியம் பொட்ஸ்.

கூண்டிலிருந்த மனிதருக்குக் கண் இருந்தது. அவரது இடத்துக்கு வந்த கடிகாரப் பொறிக்கு அது இல்லை. எதிரே ஒரு வண்டியும் வராதபோதும் சிவப்பு எரிந்துகொண்டேயிருக்கும், காத்திருப்போர் சினங்கொள்வர். இக்குறையை நீக்க முதலில் முயன்றோர் பொறிக்குச் செவியைக் கொடுத்தனர் என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். 1928இல் பால்ற்றிமோர் நகரில் சார்ள்ஸ் அட்லர் அமைத்த விளக்கில் ஓர் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. வண்டியோட்டி ஊதுகுழலை ஒலித்தால் பச்சை வரும். அயலில் வாழ்ந்தோரின் உறக்கத்தை எண்ணினால், இம்முறை நிலைபெறாமற் போனது நன்றே. பின்னர் வந்தது, தெருவின் மேற்பரப்பின் கீழே பதிக்கப்படும் கம்பிச் சுருள். அதன்மேல் உலோகத்தாலான வண்டி வந்து நின்றதும் மின்னோட்டத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி உணர்ந்துகொள்ளும்.

ஆயினும், வண்டியை அறிவது வேறு, நகரை ஆள்வது வேறு. இரு சந்திகளுக்கிடையே 300 மீற்றர் தூரம் இருக்க, வண்டிகள் செக்கனுக்கு 10 மீற்றர் செல்லுமாயின், இரண்டாவது விளக்கு முதலாவதற்கு 30 செக்கன் பிந்திப் பச்சையாக வேண்டும். அப்பொழுது வண்டிகள் நில்லாது செல்லும். ஆனால் எதிர்த்திசையில் வருவோருக்கு அதே ஒழுங்கு இடையூறாகலாம்; குறுக்கு வீதிகளும் தம் பங்கைக் கேட்கும். பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்ரர் 1958இல் வெளியிட்ட ஆய்வு, விளக்கு ஒரு சுற்றை முடிக்கும் காலம் மிகக் குறுகினாலும் மிக நீண்டாலும் தாமதமே பெருகும் என்பதைக் கணக்கால் நிறுவிற்று. நூற்றுக்கணக்கான சந்திகளுக்கு இக்கணக்கை மனிதர் நாளும் போட்டு முடிப்பது இயலாது. ஆதலால் 1960களின் தொடக்கத்தில் ரொறன்ரோ நகரம் இப்பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து ஏனைய நகரங்களுக்கு வழிகாட்டிற்று.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்களின் பொருட்டு, விளையாட்டரங்கைச் சூழ்ந்த சந்திகள் ஒரு மத்திய கட்டுப்பாட்டு நிலையத்துடன் இணைக்கப்பட்டன. 2013 அளவில் அந்நகரின் ஏறத்தாழ 4,400 விளக்குகளும் அதன் ஆளுகைக்குள் வந்தன. நிலையத்தில் இருப்போர் திரையில் நெரிசலைக் கண்டு, அங்கிருந்தே பச்சையை நீட்டவும் குறைக்கவும் முடிகிறது. கம்பிச் சுருள் காணாத ஒருவர் உண்டு. அவர் நடந்து செல்பவர். பொத்தானை அழுத்தியே அவர் தம் வரவை அறிவிக்க வேண்டும். ஓய்வுநாளில் மின்பொத்தானைத் தொடாத யூதர் வாழும் பகுதிகளிலோ, வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை, எவரும் அழுத்தாமலே கடப்பதற்கான சைகை வருமாறு அந்நகரம் ஒழுங்கு செய்துள்ளது.

அதே நிலையம் 2006இல் வேறொரு சோதனைக்கும் உள்ளானது. ஊழியர் தகராறு நிலவிய வேளையில் பொறியியலாளர் இருவர் கணிப்பொறிக்குள் அனுமதியின்றிப் புகுந்து, நெரிசல் மிக்க நான்கு சந்திகளின் விளக்குகளைக் குழப்பினர். பின்னர் நீதிமன்றத்தில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நான்கே சந்திகள், எனினும் அவற்றைச் சீர்செய்யச் சில நாட்கள் சென்றன.